சத்தம் போடாத டிவி பிசி: ஃபேனில் தொடங்காதீர்கள்

"டிவி பக்கத்துல வைக்க ஒரு பிசி கட்டணும். சத்தமே வரக்கூடாது, செலவும் கையைக் கடிக்கக்கூடாது. எந்த ஃபேன் போடலாம்?"

ஆபீஸிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலுக்கு நான், "படமெல்லாம் என்ன ஃபார்மட்ல வெச்சிருக்கீங்க?" என்று கேட்பேன். கேட்டவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஃபேனுக்கும் ஃபார்மட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. ஃபேன் வேகமெடுப்பது சூட்டால். சூடு வருவது சிப் இழுக்கும் வாட்டால். படம் ஓடும்போது, சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை அதற்கென்றே சிப்பில் பதித்த டீகோடர் பார்த்துக்கொண்டால் சில வாட்டில் காரியம் முடிந்துவிடும். அந்த டீகோடருக்கு அந்த ஃபார்மட் தெரியவில்லை என்றால் மொத்தச் சுமையும் ப்ராசசர் கோர்களின் தலையில் விழும். 4கே படமாக இருந்தால் எல்லாக் கோர்களும் முழு மூச்சில் ஓடும், ஃபேன் கத்தும், அப்படியும் படம் திக்கித் திக்கிப் போகும்.

ஆகவே டிவி பிசியின் சத்தத்தை முதலில் முடிவு செய்வது டீகோடர். ஃபேன், கேபினட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை. இந்த வரிசைப்படி வாங்கினால் இன்னொரு லாபமும் உண்டு. வாட் குறைந்த சிப்புக்கு விலை குறைவு, பெரிய கூலர் வேண்டாம், சின்ன பவர் சப்ளை போதும். அமைதிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் மட்டும்தான் பார்ப்பேன் என்கிறவர் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். டிவியிலேயே இருக்கும் ஆப்போ, பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ அந்த வேலையைப் பிசியைவிட நன்றாகச் செய்யும். காரணம் வேகமில்லை, பூட்டு. கூகுளின் வைட்வைன் பூட்டில் எல்1, எல்3 என்று படிகள் உண்டு. நல்ல டிவிகளும் ஸ்டிக்குகளும் எல்1. லினக்ஸில் ஓடும் பிரவுசர் எல்3. அந்தப் படியில் இருக்கும்வரை லட்ச ரூபாய் பிசியானாலும் சந்தா சேவைகள் 4கே தராது. விண்டோஸில் எட்ஜ் பிரவுசர் வழியாக நெட்ஃபிளிக்ஸ் 4கே தரும். அதற்கும் டிவிவரை எல்லாக் கண்ணியும் ஹெச்டிசிபி 2.2 என்ற பூட்டு மொழியைப் பேச வேண்டும். டால்பி விஷனுக்காகவே டிவி வாங்கியவருக்கும் பிசி சரியான பாதை இல்லை.

பிசி யாருக்கு என்றால், சொந்தச் சேகரிப்பு வைத்திருப்பவருக்கு. ப்ளூரே, டிவிடி டிஸ்க்குகள், பழைய டேப்பிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ, பத்து வருடமாக போனில் எடுத்துக் குவித்த பிள்ளைகளின் வீடியோக்கள். சில டிவிகளின் பிளேயரில் தமிழ் சப்டைட்டில் போட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். பிசியில் எழுத்துருவை மாற்றி, அளவைக் கூட்டி, கண்ணாடி இல்லாமல் பாட்டி படிக்கிற மாதிரி வைக்கலாம். பிரவுசர் இருக்கிறது, பெரிய திரையில் ஈபி பில்லும் கட்டலாம்.

டீகோடர் ஜாதகம்

இன்று வீட்டில் புழங்கும் வீடியோ பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

ஹெச்.264: டிவி சேனல் பதிவு, பழைய போன் வீடியோ, சாதாரண ப்ளூரே. இது தெரியாத சிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஹெச்இவிசி: 4கே ப்ளூரே முழுக்க இதுதான், அதுவும் 10 பிட் வகை. இன்றைய போன் வீடியோக்கள் பலவும் இதில்தான் சேமிக்கப்படுகின்றன.

விபி9: யூடியூபில் 1080-க்கு மேல் போனால் ஹெச்.264 கிடைக்காது. இது வேண்டும், அல்லது அடுத்தது வேண்டும்.

ஏவி1: கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் எல்லாம் சேர்ந்த கூட்டணி 2018-ல் வெளியிட்டது. ராயல்டி இல்லாததால் யூடியூப் மெல்ல மெல்ல இதற்கு மாறிக்கொண்டிருக்கிறது.

இப்போது சிப்புகள். இன்டெல் 6-வது தலைமுறைக்கு ஹெச்இவிசி தெரியும், ஆனால் 8 பிட் மட்டும்தான் முழுமையாக. 4கே டிஸ்க் 10 பிட். அங்கே கவிழ்ந்துவிடும். 7-வது தலைமுறையில் 10 பிட் ஹெச்இவிசியும் விபி9-ம் சேர்ந்து வந்தன. 8, 9, 10 தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய அதேதான். 11-வது தலைமுறையிலிருந்து ஏவி1 உண்டு. 2023-ல் வந்த என்100 என்ற சின்ன சிப்பிலும் நான்கும் உண்டு.

ஏஎம்டியில் 2021-ன் ரைசன் 5 5600ஜி பலருக்கும் பிடித்தது. ஏவி1 தவிர மற்ற மூன்றும் தெரியும். 2024-ல் வந்த 8600ஜி-க்கு நான்கும் தெரியும், விலையும் அதற்கேற்ப. ராஸ்பெர்ரி பை 5 ஒரு விசித்திரப் பிறவி. 4கே ஹெச்இவிசிக்கு மட்டும் டீகோடர் வைத்திருக்கிறது. ஹெச்.264-ஐக்கூட ப்ராசசரை வைத்தே சமாளிக்கிறது. 1080 படத்துக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் 4கே யூடியூபுக்கு அது ஆள் இல்லை.

சிப்புக்கு ஏவி1 தெரியாது, யூடியூபும் பார்க்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்பில் ஏவி1-ஐ அணைத்துவிட்டால் யூடியூப் விபி9 அனுப்பும். ஒரு அமைப்பை மாற்றியதில் ஃபேன் அடங்குகிறது. ஃபார்மட்டுக்கும் ஃபேனுக்கும் உள்ள உறவை நம்பாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

வழி ஒன்று: பழைய ஆபீஸ் பெட்டி

குறைந்த செலவில் அமைதி வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலிட்டெஸ்க் மினி என்று, ஒரு தடிப் புத்தகம் அளவில் ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பார்களே, அந்தப் பெட்டிகள். இவற்றில் பெரும்பாலும் பெயர் 'டி' என்று முடியும் 35 வாட் ப்ராசசர் இருக்கும். லேப்டாப் மாதிரி வெளியே ஒரு அடாப்டர், உள்ளே ஒரே ஒரு சின்ன ஃபேன்.

இவை ஏன் இவ்வளவு மலிவு? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8-வது தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. எனவே நிறுவனங்களுக்கு 6, 7-வது தலைமுறைப் பெட்டிகள் சுமையாகிவிட்டன. நமக்கோ 7-வது தலைமுறைதான் 10 பிட் ஹெச்இவிசி தொடங்கும் இடம். நம் டிவி பிசி லினக்ஸில் ஓடப்போகிறது, விண்டோஸின் கட் ஆஃப் நமக்கு எதற்கு? அவர்கள் கழித்துக்கட்டும் இடமும் நமக்குத் தேவையானது தொடங்கும் இடமும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன.

சென்னை மவுன்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட ரீஃபர்பிஷ்டு பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். உரையாடல் அநேகமாக இப்படிப் போகும்:

"என்ன சார், கேமிங்கா, எடிட்டிங்கா?"

"படம் பாக்கத்தாண்ணே."

"அப்ப இந்த ஐ5 எடுத்துக்கோங்க சார், எஸ்எஸ்டி போட்டே தரேன்."

"எத்தனாவது ஜெனரேஷன்ணே?"

"எல்லாம் நல்லா ஓடும் சார்."

இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் பெட்டியை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஐ5 6500டி, ஐ5 7500டி இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுதான், விலையும் பக்கத்தில்தான் இருக்கும். பயாஸ் திரையில் ப்ராசசர் பெயரை நீங்களே படியுங்கள். 8500டி கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் ஆறு கோர், விண்டோஸ் 11-ம் ஏறும்.

கையில் ஒரு பென்டிரைவ் கொண்டு போங்கள். அதில் லிப்ரெஎலெக் என்ற இலவச மீடியா சென்டர் மென்பொருள் (விவரம் கீழே), கூடவே ஒரு 10 பிட் ஹெச்இவிசி வீடியோ. படம் ஓடும்போது கீபோர்டில் 'ஓ' எழுத்தைத் தட்டினால் எந்த டீகோடர் வேலை செய்கிறது, அது ஹார்ட்வேரா என்று திரையில் காட்டிவிடும். விண்டோஸ் போட்டே தருகிறார்கள் என்றால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து, வீடியோ டீகோட் வரைபடம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் டீகோடர் உழைக்கிறது. அது அசையாமல் சிபியு மட்டும் ஏறினால் பெட்டியை வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

இந்தப் பெட்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து இன்டெல் பெட்டிகளில் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 வகை. அதில் 4கே வரும், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம்தான், எச்டிஆர் கிடையாது. சினிமா 24 ஃபிரேம் என்பதால் படம் ஓடிவிடும். மெனு, யூடியூப், கிரிக்கெட் எல்லாம் இழுவையாகத் தெரியும். தப்பிக்க வழி, அதே பெட்டியில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட். அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் 'ஆக்டிவ்' அடாப்டர் ஒன்று வாங்கினால் 4கே 60 கிடைக்கும். 'பாசிவ்' அடாப்டர் விலை குறைவு, பலனும் பெரும்பாலும் அதே 30-தான். உங்கள் டிவி 1080 என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, ஹீட்சிங்கில் படிந்த ஆபீஸ் தூசியை பிரஷ் வைத்து எடுத்துவிட்டு, காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். ஐந்தாறு வருடம் உழைத்த பெட்டியில் இந்த ஒரு வேலைக்கே ஃபேனின் சுருதி இறங்கிவிடும்.

வழி இரண்டு: என்100

புதுசுதான் வேண்டும், வாரன்டி வேண்டும் என்றால் என்100, அல்லது அதன் தம்பி என்150. இன்டெல் இதற்குப் போட்டிருக்கும் கணக்கு 6 வாட். போர்டுகள் பலவும் அதற்கு மேலும் இழுக்க விடுகின்றன என்றாலும், மொத்தப் பெட்டியும் படம் ஓடும்போது ப்ளக்கில் 10 முதல் 15 வாட்டுக்குள் அடங்கும். நான்கு ஃபார்மட்டும் தெரியும்.

ஏசஸ், ஏஎஸ்ராக் இரண்டும் இந்தச் சிப்பை மினி ஐடிஎக்ஸ் போர்டிலேயே பதித்து, ஃபேன் இல்லாத ஹீட்சிங்கோடு விற்கின்றன. ஏஎஸ்ராக்கின் ஒரு போர்டில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை நேரடியாகச் செருகலாம். எஸ்எம்பிஎஸ்ஸே வேண்டாம். ராம் வாங்குமுன் போர்டு லேப்டாப் ராம் கேட்கிறதா, டெஸ்க்டாப் ராம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், போர்டுக்குப் போர்டு மாறும். என்100-க்கு ஒரே மெமரி சேனல்தான், எனவே ஜோடியாக வாங்கும் வேலை இல்லை. 8 ஜிபி ஒற்றைக் குச்சி போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இது சின்ன நிம்மதி இல்லை.

இதே சிப்போடு முழுசாகக் கட்டி வரும் மினி பிசிகளும் ஏராளம். வாங்கலாம், ஆனால் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் கட்டைவிரல் அகல ஃபேனை வைத்திருக்கும் மாடல்களில், வாட் குறைவாக இருந்தும் ஒரு கீச்சுச் சத்தம் வரும். சின்ன ஃபேனின் குணம் அது. காரணம் கீழே.

வழி மூன்று: ஒரு பிசி, இரண்டு வேலை

பகலில் பையனின் ப்ராஜெக்ட், இரவில் படம், லீவு நாளில் கொஞ்சம் கேம் என்றால் இன்டெல் ஐ3 12100 அல்லது 5600ஜி. முன்னதில் ஏவி1 உண்டு, பின்னதில் கேம் கொஞ்சம் நன்றாக ஓடும். 5600ஜி-க்கு ராம் ஜோடியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கிராபிக்ஸ் பாதி மூச்சில்தான் வேலை செய்யும். இன்டெலில் 12100எஃப் என்று 'எஃப்' ஒட்டிக்கொண்டு வந்தால் தொடாதீர்கள். அதில் கிராபிக்ஸே இல்லை, டீகோடரும் இல்லை. பிறகு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும், அதோடு அதன் ஃபேனும் வீட்டுக்கு வரும்.

இந்தச் சிப்புகள் 60, 65 வாட் வகை. பயாஸில் அதைக் கட்டிப்போடலாம். ஏஎம்டியில் 45 வாட் ஈகோ மோடு, இன்டெலில் பவர் லிமிட். படம் பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. ஏதாவது அப்டேட் ஓடும்போது ஃபேன் திடீரென்று அலறாது.

கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாத பெட்டி

யூடியூபில் ஃபேன்லெஸ் பிசி விமர்சனம் பார்த்து மயங்குமுன் ஒரு கணக்கு. அந்த விமர்சனங்கள் பலவும் குளிர் நாடுகளில் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் ஏசி போடாத சென்னை ஹாலில் 35 டிகிரி சாதாரணம். அறைச் சூட்டில் கூடும் 13 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே சிப்பின் சூட்டில் சேரும். அங்கே 70 காட்டியது இங்கே 83 காட்டும். என்100 போன்ற சிப் 105 டிகிரிவரை தாங்கும் என்பதால் கருகிப் போகாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்டியும் மற்ற பாகங்களும் வருடக்கணக்கில் வேக வேண்டியிருக்கும்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய வில்லன் டிவி ஷோகேஸ். கண்ணாடிக் கதவு, பின்னால் ப்ளைவுட், உள்ளே செட்டாப் பாக்ஸும் மோடமும் ஏற்கெனவே சூடேற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் எந்தப் பிசியை வைத்தாலும், எத்தனை விலை கொடுத்த ஃபேனாக இருந்தாலும், சுட்ட காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும். ஒன்று, கதவைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கார்பென்டரிடம் சொல்லிப் பின்பலகையில் மேலே ஒன்று கீழே ஒன்று ஓட்டை போடுங்கள். கீழிருந்து காற்று ஏறி மேலே போகும். சின்னப் பெட்டி என்றால் டிவிக்கும் சுவருக்கும் நடுவே, காற்று போகும்படி மாட்டிவிடுவது இன்னும் நல்லது.

என் அபிப்பிராயம் இது: நம் ஊரில் ஃபேனே இல்லாத பெட்டியைவிட, மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய ஃபேன் போட்ட பெட்டி நல்லது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பாகங்களின் ஆயுளுக்கு இரண்டாவது மேல். இன்னொன்று, ஃபேன் இல்லாத பெட்டி என்றாலே சத்தமில்லாத பெட்டி ஆகிவிடாது. மட்டமான போர்டிலும் அடாப்டரிலும் இருக்கும் காயில்கள் 'ஙீ' என்று மெல்லிய சத்தம் எழுப்புவதுண்டு, வேறு சத்தம் இல்லாத இடத்தில் அது இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

இப்போது ஃபேனுக்கு வரலாம்

ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர் விகிதம். சத்தமோ வேகத்தோடு பல மடங்கு தாவும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். இன்னொரு பக்கம், அதே ஃபேன் இரண்டு போட்டால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஆக, வேகமாகச் சுற்றும் ஒன்றைவிட மெதுவாகச் சுற்றும் இரண்டு மேல். அவற்றைவிட, தேவையே குறைந்து மெதுவாகச் சுற்றும் ஒன்று மேல்.

அளவும் முக்கியம். 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு 80 மில்லிமீட்டரைப் போல 2.25 மடங்கு. அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமானால் சுருதி ஏறும். தாழ்ந்த 'ஹூம்' சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், கீச்சுச் சத்தத்தை மறக்காது.

பிராண்டு கேட்டால், ஆஸ்திரியாவின் நாக்டுவா அருமையான ஃபேன். ஆனால் 15 வாட் பெட்டிக்கு அந்த விலை அநாவசியம். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் மாதிரி விலை குறைந்த ஒன்று, நிமிடத்துக்கு 600, 700 சுற்றில் ஓடினால் போதும். நான்கு பின் உள்ள பிடபிள்யூஎம் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பல வண்ண விளக்கு போட்ட ஃபேன்கள் இருட்டில் படம் பார்க்கும் ஹாலுக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்கியதும் பயாஸில் ஃபேன் கர்வ் போடுங்கள். சத்தத்தைவிடக் காதை உறுத்துவது சத்தத்தின் மாற்றம். சிப் ஒரு நொடி சூடானதும் ஃபேன் எழுந்து, அடுத்த நொடி அடங்கி, திரும்ப எழுந்தால் படத்தில் மனசே ஒட்டாது. 65 டிகிரிவரை ஒரே மெதுவான வேகம், வேகம் மாறுவதற்குமுன் சில நொடி தாமதம் என்று வையுங்கள். அந்தத் தாமத அமைப்பு பெரும்பாலான போர்டுகளில் இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸும் ஈபி பில்லும்

15 வாட் பெட்டிக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் அதன் கொள்ளளவில் 3 சதவீதத்தில் அது வேலை செய்யும். 80 ப்ளஸ் முத்திரைக்கான சோதனை பெரும்பாலான தரங்களில் 20 சதவீதச் சுமையில்தான் தொடங்குகிறது. அதற்கும் கீழே முத்திரை எதற்கும் உத்தரவாதமில்லை, செயல்திறன் விழுந்துவிடும், வீணாகும் மின்சாரம் சூடாகும், அதற்கென்று அதன் ஃபேன் சுற்றும். வழி ஒன்றிலும் இரண்டிலும் லேப்டாப் மாதிரி அடாப்டர் போதும். மூன்றாவது வழிக்கு மட்டும், சுமை குறைந்தால் ஃபேன் நின்றுவிடும் வகை எஸ்எம்பிஎஸ் தேடுங்கள். பெயர் தெரியாத மட்ட எஸ்எம்பிஎஸ்ஸில் ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள், அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

டிவி பிசி நாள் முழுக்க ஆனிலேயே இருக்கும் சாமான். 10 வாட் பெட்டி 60 நாளில் 14.4 யூனிட். 40 வாட் பெட்டி 57.6 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் பாருங்கள். அந்த நூறில் பாதிக்கு மேல் ஒரு பிசி தின்றுவிடுமா, அல்லது ஓரமாகத் தொட்டுக்கொள்ளுமா என்பதுதான் வித்தியாசம்.

ஹார்ட் டிஸ்க்கை ஹாலிலிருந்து துரத்துங்கள்

ஃபேனை அடக்கிய பிறகு மிஞ்சும் சத்தம் ஹார்ட் டிஸ்க். 5400 சுற்று டிஸ்க் நொடிக்கு 90 முறை சுழல்கிறது. 7200 என்றால் 120 முறை. அந்த அதிர்வு ஸ்க்ரூ வழியாகத் தகரக் கேபினட்டுக்கு ஏறி, கேபினட்டிலிருந்து மரப்பலகைக்கு இறங்கி, ஷோகேஸ் மொத்தமும் முனகும்.

படத்தைச் சேமிக்க எஸ்எஸ்டி வாங்க வேண்டுமா என்றால், வேகத்துக்காக வேண்டியதே இல்லை. 4கே ப்ளூரே உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைப் போல பல மடங்கு கொடுக்கும். ஆனால் ஒரு 4கே டிஸ்க் 100 ஜிபிவரை போகும் என்பதால் கொள்ளளவு வேண்டும், கொள்ளளவில் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. ஆகவே பிசிக்குள் ஓஎஸ்ஸுக்கு மட்டும் 128 ஜிபி எஸ்எஸ்டி, படங்களை இன்னொரு அறையில், ரூட்டருக்குப் பக்கத்தில் யுஎஸ்பி டிஸ்க்காகவோ நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலோ வைத்துவிடுங்கள். நடுவே ஒரு ஜிகாபிட் கேபிள். 100 மெகாபிட் இணைப்பு அந்த 128 உச்சத்தில் மூச்சுத் திணறும், எனவே பழைய ஸ்விட்ச் இருந்தால் மாற்றுங்கள். டிஸ்க் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்றால் 5400 சுற்று வகை, ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர், கீழே ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை.

ரிமோட்டும் சில அமைப்புகளும்

மென்பொருளுக்கு லிப்ரெஎலெக். பூட் ஆனதும் நேராக 'கோடி' மீடியா சென்டர் வந்து நிற்கும், விலை இல்லை. முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி-தான் 2014-ல் இந்தப் பெயருக்கு மாறியது. பிரவுசர் வேண்டும் என்றால் சாதாரண லினக்ஸ் போட்டு அதற்குமேல் இதைப் போடலாம்.

டிவி ரிமோட்டிலேயே பிசியை ஓட்டலாம் என்று நினைத்தால், சாதாரணப் பிசிகளின் எச்டிஎம்ஐயில் அந்த சிஇசி வசதி பெரும்பாலும் இருக்காது. ராஸ்பெர்ரி பையில் உண்டு. மற்றவர்கள் ஒரு யுஎஸ்பி ரிமோட் ரிசீவர் வாங்கலாம், அல்லது போனில் 'கோரே' ஆப் போடலாம். போனை வைத்துக்கொண்டு ரிமோட்டைத் தேடும் வீட்டுப் பெரியவர்களுக்காக ரிசீவரே உத்தமம்.

கட்டாயம் மாற்ற வேண்டிய அமைப்பு ஒன்று: படத்தின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவியின் ரெஃப்ரெஷ் வேகம் மாறும்படி வைப்பது. சினிமா 24, நம் டிவி நிகழ்ச்சிகள் 25 அல்லது 50. எல்லாவற்றையும் 60-ல் ஓட்டினால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் படம் துள்ளும். பலர் இதை ப்ராசசர் போதவில்லை என்று நினைத்துப் பெரிய சிப் வாங்கக் கிளம்புகிறார்கள். பெரிய சிப், கூடுதல் வாட், கூடுதல் சத்தம். துள்ளல் மட்டும் அப்படியே இருக்கும்.

கடைக்குப் போகுமுன்

சுருக்கமாக, யாருக்கு எது? 1080 டிவியோ, சொந்தப் படங்கள் மட்டுமோ என்றால் 7-வது தலைமுறை ஆபீஸ் பெட்டி. 4கே டிவி, நிறைய யூடியூப், புதுசுதான் வேண்டும் என்றால் என்100. வீட்டுக்கே ஒரே பிசி என்றால் 12100, பவர் லிமிட்டோடு. மிச்சமாகும் காசைச் செலவழிக்கும் வரிசை: முதலில் சேமிப்பு, பிறகு ஜிகாபிட் கேபிள், பிறகு ரிமோட். ஃபேனுக்கு மேல்காசு கடைசியில்.

ரிச்சி தெருவோ ஆன்லைனோ, இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். டீகோடருக்கு என் ஃபார்மட் தெரியுமா? எச்டிஎம்ஐ 1.4-ஆ 2.0-ஆ? படம் ஓடும்போது எத்தனை வாட்? உள்ளே எத்தனை மில்லிமீட்டர் ஃபேன்? முதல் மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால் நான்காவது கேள்வியை நீங்கள் கேட்காமலே திரும்பி வந்தாலும் பரவாயில்லை.